உவம உருபைத் தொலைத்தவர்கள்

தமிழ் இலக்கியம் படித்து முடித்த ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தேர்வுத்தாளில் செய்யுளைப் பார்த்ததும் ‘இது உருவகம், இது தற்குறிப்பேற்றம், இது உயர்வு நவிற்சி’ என்று பிசகாமல் எழுதி மதிப்பெண் வாங்கினீர்களே, அதே அணிகள் கோயில் சொற்பொழிவிலும் தேர்தல் மேடையிலும் சோதிடர் வீட்டுக் கூடத்திலும் உங்கள் எதிரே வந்து உட்காரும்போது ஏன் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள்?

இதைச் சிம்பாங் பூலாயை மனத்தில் வைத்துக் கேட்கிறேன். பெரிய ஊரில்லை. வடக்கே ஈப்போ, தெற்கே கோப்பேங், மேற்கே பத்து காஜா, கிழக்கே கேமரன் மலைக்கு ஏறும் சடக்கு. ஒரு காலத்தில் சுற்று வட்டாரமெல்லாம் கித்தாக்காடும் ஈயச் சுரங்கமும். இன்று செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் சுண்ணாம்புக்கல் மலைகளை அறுக்கும் குவாரிகளும். லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த வட்டாரத்திலிருந்துதான் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களில் சிலர் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியத்தையும் ஒரு பாடமாக எடுக்கிறார்கள்.

அந்தப் பாடம் சும்மா கிடைத்ததில்லை. 2009இல் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அரசு வரம்பு கட்டியது. முதலில் கைவிடப்படுவது தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமுமாகத்தான் இருக்கும் என்று சமூகம் பதறியது. இயக்கங்கள் கூடின, பெற்றோர் கூடினர், குரல் எழுந்தது. கடைசியில் பத்தோடு மேலும் இரண்டு பாடம் எடுக்கலாம் என்று அரசு இறங்கி வந்தது. அந்தப் போராட்டம் முற்றிலும் நியாயமானது. தன் மொழியின் இலக்கியத்தைப் படிக்கும் உரிமைக்காகத் தெருவுக்கு வந்த சமூகத்தை நான் வணங்குகிறேன்.

ஆனால் வாங்கிய உரிமையை என்ன செய்தோம்? தமிழ்ப்பள்ளியின் தொடக்க வகுப்புகளிலிருந்தே செய்யுளும் மொழியணியும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. நகமும் சதையும் போல, எலியும் பூனையும் போல, அனலில் இட்ட மெழுகு போல என்று உவமைத்தொடர்களைப் பிள்ளைகள் பொருளோடு ஒப்பிக்கிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்புகிறார்கள். இடைநிலைப்பள்ளியில் அணிகளின் பெயரும் விளக்கமும் சேர்ந்துகொள்கின்றன. தேர்வு முடிகிறது. ‘ஏ’ வருகிறது. அதோடு அந்த அறிவு செத்துப்போகிறது. அதைச் சாகவிட்டதில் பெற்றோருக்குப் பங்கு உண்டு, ஆசிரியருக்குப் பங்கு உண்டு, சமூகத் தலைவர்களுக்கும் பங்கு உண்டு.

அணி இலக்கணம் என்பது சொல்லுக்கும் உண்மைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளக்கும் அறிவு. அந்த அளவுகோல் கையில் இருப்பவனை ஏமாற்றுவது கடினம். பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துவிட்டு, ‘தேர்வறைக்கு வெளியே எடுக்காதே’ என்று நாம் சொல்லாமல் சொல்கிறோம். இதுதான் என் குற்றச்சாட்டு.

அளவுகோல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். தொல்காப்பியம் உவமைக்கென்றே உவமவியல் என்று ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால் அந்த ஒப்பு எதனால் வருகிறது? தொழிலாலா, பயனாலா, வடிவாலா, நிறத்தாலா? வினை, பயன், மெய், உரு என்று நான்கு வாசலைத் தொல்காப்பியர் காட்டுகிறார். வடமொழித் தண்டியின் காவியாதரிசத்தைத் தழுவித் தமிழில் வந்த தண்டியலங்காரம் அணிகளை வகைவகையாகப் பிரித்துப் பெயர் வைத்தது. இரண்டு நூலும் நமக்குக் கற்றுக்கொடுப்பது ஒன்றைத்தான். ஒப்பு வேறு, ஒன்றாயிருப்பது வேறு. புலி போன்றவன் புலியல்லன். அவனுக்கு வாலும் கிடையாது, வரியும் கிடையாது.

உவமைக்கும் பொருளுக்கும் நடுவே நிற்கும் ‘போல’ என்பதை உவம உருபு என்கிறோம். அது நேர்மையான காவலாளி. ‘இது ஒப்புமை மட்டும், நம்பிவிடாதே’ என்று அது நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. உருவகத்தில் அந்த உருபு மறைகிறது. மறைந்தாலும் படிப்பவன் மனத்தில் இருக்க வேண்டும். மனத்திலிருந்தும் அது போய்விட்டால் கவிதை முடிந்து மூடநம்பிக்கை தொடங்குகிறது.

தற்குறிப்பேற்ற அணிக்கு எல்லாப் பாடநூலும் காட்டுகிற உதாரணம் சிலப்பதிகாரத்தில் உள்ளது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டை மதிலில் கொடிகள் அசைகின்றன. காற்றில் எந்தக் கொடியும் அசையத்தான் செய்யும். கோவலனுக்கு நேரப்போவதை அறிந்த கவிஞன், ‘வராதே’ என்று கொடிகள் கைகாட்டுவதாகத் தன் மனக்குறிப்பை ஏற்றுகிறான். அந்த இடத்தில் இளங்கோ ‘போல்’ என்று ஒரு சொல்லை மறக்காமல் வைத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். கொடிக்கு அறிவு உண்டு என்று அவர் சொல்லவில்லை. அசைவு காற்றுடையது, அச்சம் என்னுடையது என்று பிரித்துக் காட்டிவிட்டார். அந்த நேர்மையை நம் காலத்துச் சோதிடர்களிடமும் சாமியார்களிடமும் எதிர்பார்க்க முடியுமா? கோள்கள் தம் பாதையில் சுற்றுகின்றன. ‘சனி உன்னைப் பார்க்கிறான்’ என்கிறார் சோதிடர். அப்பட்டமான தற்குறிப்பேற்றம்! உருபை மட்டும் எடுத்துவிட்டுப் பரிகாரத்துக்குப் பணம் கேட்கிறார். தற்குறிப்பேற்றத்துக்கு விளக்கம் எழுதி ‘ஏ’ வாங்கிய பிள்ளையின் அப்பா அந்தப் பணத்தைக் கொடுக்கிறார்.

நம் ஊர் மலைகளுக்கே வருவோம். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் மலைகள், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த உயிரினங்களின் ஓடும் கூடும் இறுகியவை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மழைநீர் பாறைக்குள் இறங்குகிறது. இறங்கும் வழியில் சுண்ணாம்பைக் கரைக்கிறது. குகைக்கூரையிலிருந்து சொட்டும்போது வாயு வெளியேறிவிட, சுண்ணாம்பு துளித்துளியாகப் படிகிறது. கூரையிலிருந்து விழுதாகத் தொங்குகிறது, தரையிலிருந்து குமிழாக எழுகிறது. விரல் நீளம் வளரப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம். அதைப் பார்க்கும் தமிழர் ‘இலிங்கம் போல இருக்கிறது’ என்கிறார். சீனர் ‘குவான் யின் போல’ என்கிறார். சுற்றுலாப் பயணி ‘யானை போல’ என்கிறார். மூன்றும் அழகான உவமைகள், மூன்றும் மெய்யால் வந்த ஒப்புகள். அடுத்த தலைமுறையில் ‘போல’ உதிர்கிறது. அதற்கடுத்த தலைமுறையில் உண்டியல் வருகிறது.

இதே வகைப் பாறையைத்தான் சிம்பாங் பூலாய்க் குவாரிகளில் வெடிவைத்துத் தகர்த்து மாவாக அரைக்கிறார்கள். பெயின்டுக்கும் காகிதத்துக்கும் பிளாஸ்டிக்கிற்கும் பற்பசைக்கும் அந்தச் சுண்ணாம்புத் தூள் போகிறது. சடக்கோரத்துச் செடிகளில் வெள்ளையாகப் படிந்திருப்பதும் அதுதான். குகைக்குள் சொட்டினால் தெய்வம், லோரியில் ஏறினால் சரக்கு. பாறை ஒன்றே. மாறியது நாம் அதன்மேல் ஏற்றிய குறிப்பு.

பாறை நம் குறிப்புக்குக் கட்டுப்படாது என்பதை ஈப்போ ஒருமுறை இரத்தம் சிந்திக் கண்டது. 1973 அக்டோபரில் குனோங் சீரோ மலையிலிருந்து பெரும்பாறை பெயர்ந்து அடிவாரத்துக் குடியிருப்பின்மீது விழுந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். முருகன் குகைக்கோயில் கொண்ட மலை அது. தைப்பூசத்தின்போது ஈப்போவே திரண்டு நிற்கும் இடம். மலைக்கு அருள் உண்டு, கோபம் உண்டு என்பதெல்லாம் நாம் பாடிய பாட்டு. மலைக்கு உண்மையில் இருந்தது விரிசல். அந்த விரிசலை அளக்க ஒரு நிலவியலாளர் போதும். அளந்து, அடிவாரத்தில் வீடு கட்டாதே என்று தடுத்திருந்தால் உயிர்கள் மிஞ்சியிருக்கும்.

பத்து காஜா பக்கம் போனால் கெல்லி கோட்டை. ஸ்காட்லாந்திலிருந்து வந்து கித்தாவில் பணம் பார்த்த வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய மாளிகை அது. தமிழ்த் தொழிலாளர்கள் அதைக் கட்டினார்கள். 1918இல் உலகைச் சூறையாடிய விஷக்காய்ச்சல் அவர்களையும் தாக்கியது. ஆட்கள் சாகச் சாக, அம்மனுக்குக் கோயில் எழுப்பினால் நோய் தணியும் என்று தொழிலாளர்கள் துரையிடம் கேட்டார்கள், துரையும் கட்டிக்கொடுத்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கோயில் இன்றும் இருக்கிறது. அதன் மேற்கூரையில் சாமி உருவங்களோடு உருவமாகக் கால்சட்டையும் கோட்டும் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நிற்கிறார். கெல்லி ஸ்மித்தின் உருவம் என்கிறார்கள்.

அந்தக் கூரையை ஒரு செய்யுளாகப் படித்துப் பாருங்கள். நோயை அம்மனின் சீற்றம் என்றது தற்குறிப்பேற்றம். துரையைத் தெய்வ வரிசையில் நிறுத்தியது உருவகம். கோயில் வந்ததால் நோய் போனது என்பது, ஒன்றன்பின் ஒன்றாக நடந்த இரண்டைக் காரணமும் விளைவுமாக முடிச்சுப் போட்டது. அந்தக் காய்ச்சல் கோயில் கட்டாத தோட்டங்களிலும் ஓய்ந்தது, மாரியம்மனைக் கேள்விப்படாத நாடுகளிலும் ஓய்ந்தது. கோடிக்கணக்கானோரைக் கொன்றுவிட்டு, பிழைத்தவர்களின் உடலில் எதிர்ப்பாற்றலை விட்டுவிட்டுத் தானாக அடங்கியது.

அந்தத் தொழிலாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கடல் தாண்டி வந்து, மருந்துமில்லாமல், பக்கத்துப் பாயில் படுத்தவன் விடியுமுன் பிணமாவதைப் பார்த்தவர்கள் அவர்கள். கையில் கிடைத்த ஒரே ஆறுதலைப் பிடித்துக்கொண்டார்கள். என் கோபமெல்லாம் நூறாண்டு கழித்தும் அதை அப்படியே நம்புகிற நம்மேல்தான். ஸ்மித் 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை பாதியில் நின்றது. இன்று அங்கே வருகிறவர்களுக்குப் பேய்க்கதை சொல்கிறார்கள். நள்ளிரவில் துரை நடமாடுகிறாராம். காய்ச்சலில் செத்த தமிழர்கள் யாரும் அந்தக் கதைகளில் நடமாடவில்லை. அவர்கள் பெயர் ஒரு கல்லிலும் இல்லை. பேயாக நினைவுகூரப்படுவதற்குக்கூட முதலாளியாக இருக்க வேண்டும் போலும். மூடநம்பிக்கை எப்போதும் இப்படித்தான். அது இறந்தவர்களிலும் பெரியவர் சிறியவர் பார்க்கும்.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று டில்லியில் கிளம்பிய செய்தி ஒரே நாளில் உலகெங்கும் உள்ள இந்துக் கோயில்களுக்குப் பரவியது. டில்லியில் அறிவியலாளர்கள் கோயிலுக்கே போய்ப் பாலில் நிறம் கலந்து கரண்டியில் எடுத்துத் துதிக்கையில் வைத்துப் பார்த்தார்கள். பரப்பு இழுவிசையால் பால் கரண்டியிலிருந்து மேலேறி, சிலையின் உடல்மீது மெல்லிய படலமாகக் கீழே வழிவதை அந்த நிறம் காட்டிக்கொடுத்தது. ‘குடிப்பது போல’ என்ற இடத்தில் ‘குடிக்கிறார்’ என்றார்கள். இரண்டெழுத்துச் சொல் ஒன்று விழுந்ததும், பசித்த பிள்ளைகள் உள்ள ஊர்களில் குடம் குடமாகப் பால் சாக்கடைக்குப் போனது.

இதுவரை சொன்னவற்றில் பணம் போனது, பால் போனது. இனிச் சொல்வதில் மானம் போனது. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் வரும் புருஷ சூக்தம், மனித குலத்தை ஓர் உடலாக உருவகம் செய்கிறது. வாய் ஒரு வருணம், தோள் ஒரு வருணம், தொடை ஒரு வருணம், பாதம் ஒரு வருணம். தொல்காப்பியரின் நான்கு வாசலிலும் இதை நிறுத்திக் கேளுங்கள். பாதத்தின் எந்த வினை பறையடிப்பவனிடம் உள்ளது? வாயின் எந்த வடிவு பார்ப்பனனிடம் உள்ளது? பதில் கிடையாது. ஒப்பே இல்லாத உருவகம் இது. ஆனாலும் இது சட்டமாயிற்று, வழக்கமாயிற்று, கிணற்றுக்குப் பூட்டாயிற்று. கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. தோட்டத்து லயங்களைச் சாதி பார்த்துப் பிரித்த காலம் உண்டு. இன்றும் திருமணப் பேச்சில் மூன்றாவது கேள்வியாக அது எட்டிப்பார்க்கிறது.

‘கால் இல்லாமல் உடல் நிற்குமா? அதனால் கால்தான் உயர்ந்தது’ என்று நம்மில் சிலர் பதில் சொல்லி மகிழ்வதுண்டு. அது தோற்றுப்போகிற பதில். எதிரி கட்டிய உருவகத்துக்குள் நுழைந்து நல்ல அறை கேட்பதற்குச் சமம். சரியான பதில் ஒன்றே: சமுதாயம் உடல் அன்று. மனிதர் உறுப்புகள் அல்லர். உருவகத்தையே தள்ளு.

‘ஐந்து விரலும் ஒன்றா?’ என்பதும் இதே சாதி. யாராவது சமத்துவம் பேசினால் உடனே கையை நீட்டிக் காட்டுவார்கள். விரல்களின் நீளத்தை வைத்து மனிதரின் உரிமையை முடிவு செய்ய யார் அதிகாரம் கொடுத்தார்கள்? உவமை ஒரு கருத்தை விளங்க வைக்கும், நிரூபிக்காது. எடுத்துக்காட்டு உவமை என்று பெயர் எழுதத் தெரிந்த மாணவன், எடுத்துக்காட்டு வேறு சான்று வேறு என்பதை மேடையில் எழுந்து சொல்லப் பழக வேண்டும்.

தோட்டத்தில் இன்னொரு உருவகம் ஆட்சி செய்தது. தோட்டம் ஒரு குடும்பம், துரை தகப்பன், கங்காணி மாமன். பயனை வைத்து இந்த ஒப்பைச் சோதிப்போம். 1930களின் தொடக்கத்தில் உலக மந்தம் வந்து கித்தா விலை சரிந்ததும் கூலியைக் குறைத்தார்கள். பல்லாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். எந்தத் தகப்பன் தன் வருமானம் குறைந்ததும் பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்புவான்? குடும்பம் என்ற சொல், சம்பளம் கேட்க வேண்டிய இடத்தில் பாசம் காட்டச் சொன்ன தந்திரம். தொழிற்சங்கம் வந்த பிறகுதான் தொழிலாளி அந்த உருவகத்திலிருந்து வெளியே வந்து, ‘நான் பிள்ளையல்லேன், உழைப்பவன்’ என்று கணக்குக் கேட்டான்.

இந்தக் கேள்விகளை இந்த மண்ணில் முதலில் கேட்பவன் நானல்லேன். 1929 டிசம்பரில் பினாங்கில் கப்பலிலிருந்து இறங்கிய பெரியார், அதே மாதம் ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டைத் திறந்து வைத்தார். கோயிலையும் சாதியையும் புராணத்தையும் கேள்விக்கு உட்படுத்தும் சுயமரியாதைக் கருத்துகள் தோட்டப்புறங்களில் வேர்பிடித்ததற்கு அந்தப் பயணம் பெரிய தூண்டுகோல். பின்னர் 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்ற கருத்தை முன்வைத்து அண்ணா, சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் வாதிட்டார். ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் அது நூலாகவும் வந்தது.

நூலை எரிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த வாதம் வெளிச்சமிட்ட ஓர் இரட்டை வேடம் இன்றும் நம்மிடையே திரிகிறது. பத்துத் தலை எப்படி ஐயா, கல் எப்படிப் பெண்ணானது ஐயா என்று கேட்டால், ‘அது கவிதை, அதைக் கவிதையாகப் படிக்க வேண்டும்’ என்கிறார்கள். கேட்டவன் எழுந்து போனதும் அதே கவிதையை வரலாறாகப் பூசிக்கிறார்கள். கேள்வி வரும்போது இலக்கியம், காணிக்கை வரும்போது சத்தியம். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். கவிதை என்றால் நானும் உங்களோடு உட்கார்ந்து கம்பனின் சொல்லழகை இரசிப்பேன். வரலாறு என்றால் சான்றைக் கொண்டுவாருங்கள். மாறி மாறிப் பேசுவது நேர்மையல்ல.

‘பகுத்தறிவு பேசிக் கவிதையைக் கொல்கிறாய்’ என்பார்கள். கவிதையைக் கொல்கிறவன், உவமையைச் செய்தியாக நம்புகிறவன்தான். அவனுக்குக் கவிஞனின் கற்பனை தெரியாது, கட்டுரையாளனின் உண்மையும் தெரியாது. கொடி அசைந்தது காற்றால் என்று அறிந்தவனுக்குத்தான், அதில் கவிஞன் ஏற்றிய துயரத்தின் கனம் புரியும்.

அணிகள் பொய்க்கு மட்டும் வேலை செய்வதில்லை. அதிகாரத்தின் முகத்துக்கு நேரே உண்மை பேசவும் அவை உதவியிருக்கின்றன. தொண்டைமானிடம் தூது போன ஒளவை, அவன் ஆயுதங்களெல்லாம் நெய் பூசிப் பளபளவென்று அழகாக இருக்கின்றன என்றும், தன் தலைவன் அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் புறநானூற்றுப் பாட்டொன்றில் சொல்கிறார். போரே காணாதவன் நீ என்பதைப் புகழ்ச்சிக்குள் பொதிந்து கொடுத்துவிட்டார். வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அரசனின் அரண்மனையில் நின்று அதைச் சொன்ன துணிவுக்கு நம் பள்ளிகளில் மதிப்பெண் உண்டா?

தோட்டத்துப் பெரியவர்களும் அணி அறிந்தவர்களே. கித்தா மரத்துக்கு ஒரு தமிழன் உரமானான் என்பார்கள். கணக்குப் பார்த்தால் அது உயர்வு நவிற்சி. ஆனால் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் மாண்டவர்களைப் பதிவேட்டின் ஒரு வரியாக்கி மூடிய காலத்துக்கு எதிரே, அந்த மிகை உண்மையின் பக்கம் நின்றது. சொன்னவருக்கு அதில் சல்லிக்காசு இலாபமில்லை. ஓர் அணியை எடை போட எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்: இந்த மிகையால் யாருக்கு இலாபம் என்று பாருங்கள்.

அந்தக் கண்ணோடு ‘மேம்பாடு’ என்ற சொல்லைப் பாருங்கள். சொல்லத் தகாததை நாகரிகமாகச் சொல்வதை இடக்கரடக்கல் என்றும், அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வதை மங்கலம் என்றும் நன்னூல் வகுத்தது. இறந்தவரைத் துஞ்சினார் என்பது துக்கத்தில் இருப்பவருக்குக் காட்டும் கருணை. தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, மூன்று தலைமுறையாகப் பால் வெட்டியவர்களை வெளியேற்றியதை மேம்பாடு என்றது யாருக்குக் காட்டிய கருணை? முன்பு தோட்டத் துண்டாடல் நடந்தபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களை வாங்கினார்கள். மங்கலச் சொல்லுக்கு மயங்காமல், நிலம் யார் கையில் என்று கேட்டவர்கள் அவர்கள்.

நம் பக்கத்தையும் விட்டுவைக்கக் கூடாது. தலைவரைச் சூரியன் என்கிறோம், அவரைக் கேள்வி கேட்டால் இருட்டின் ஆள் என்கிறோம். தமிழைத் தாய் என்கிறோம். நல்ல உருவகம்தான். காரைக்குடியில் அந்தத் தாய்க்குக் கோயிலே இருக்கிறது. தாய் என்று பாடிவிட்டுப் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாதவர் எத்தனை பேர்? மொழிக்குப் பூசை தேவையில்லை. அதில் படிக்க வேண்டும், எழுத வேண்டும், அதை வைத்துச் சிந்திக்க வேண்டும். பகுத்தறிவாளன் தன் மேடையில் ஒலிக்கும் உருவகத்தையும் அதே நான்கு வாசலில் நிறுத்தாவிட்டால், அவன் பேசுவது பகுத்தறிவல்ல, இன்னொரு பூசை.

பூலாய், ஊரின் பெயரிலேயே இருக்கிற மரம். நாம் ஏழிலைப்பாலை என்று சொல்லும் மரத்தின் இனம். இரவில் மணம் வீசும் அந்த மரத்தில் யட்சி குடியிருக்கிறாள் என்று கேரளத்தில் கதை சொல்வார்கள். தாவரவியல் அதற்கு வைத்த பெயர் ஆல்ஸ்டோனியா ஸ்காலரிஸ். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பலகை செய்ய அதன் கட்டை பயன்பட்டதால் வந்த பெயர் அது. ஒரே மரத்தைப் பார்த்து ஒருவன் அஞ்சி ஓடினான், இன்னொருவன் அதில் எழுத்துப் படித்தான்.

பெற்றோரே, ஆசிரியரே, உங்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த முறை பிள்ளை உவமைத்தொடரை ஒப்பிக்கும்போது பொருளோடு நிறுத்தாதீர்கள். ஒப்பு எதில் என்று கேளுங்கள், எந்த இடத்தில் ஒப்பு முறிகிறது என்று கேளுங்கள். அமைச்சரின் பேச்சையும் கோயில் அறிவிப்பையும் விளம்பரத்தையும் செய்யுளாக எடுத்து அணி காணச் சொல்லுங்கள். பிள்ளை உங்கள் வீட்டு நம்பிக்கையிலேயே ஓர் அணியைக் கண்டுபிடித்து, ‘அம்மா, இங்கே உவம உருபு எங்கே?’ என்று கேட்டால் அதட்டி உட்கார வைக்காதீர்கள். 2009இல் தெருவுக்கு வந்து நாம் காப்பாற்றிய பாடம் அந்தக் கேள்விக்காகத்தான். அதைக் கேட்க விடாத வீட்டில் தமிழ் இலக்கியம் படித்த பிள்ளை இருந்தும் பயனில்லை.